ஏவுவாரும் இயற்றுவாரும்: அயலாக்கம் பரவிய வகை

கோயிலைக் கட்டியவர் யார் என்று கேட்டால், அரசன் என்றும் விடை கூறலாம். தச்சன் என்றும் விடை கூறலாம். இரண்டும் தமிழ் இலக்கணத்துக்கு உடன்பாடே. அரசன் ஏவினான்; தச்சன் இயற்றினான். ஆதலின் முன்னவனை ஏவுதற் கருத்தா என்றும், பின்னவனை இயற்றுதற் கருத்தா என்றும் இலக்கண ஆசிரியர் பிரித்துக் காட்டினர். மூன்றாம் வேற்றுமையைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் கரும்பலகையில் எழுதிக் காட்டும் செய்தி இது. எழுதிக் காட்டியபின் அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுவதே வழக்கம். இவ்விரு கருத்தாக்களுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு, அத்தொலைவில் எவை எவை மறைந்து போகின்றன என்று இலக்கணம் கேட்பதில்லை. அது பொருளியலின் கேள்வி. ஒரு வகையில் அறத்தின் கேள்வியும் ஆகும்.

கணினி என்னும் பொறி பெருநிறுவனங்களுக்குள் நுழைந்த காலத்தில், அதனை இயக்குதற்கென்றே அவை தனியறையும் தனி ஆட்களும் வைத்திருந்தன. பின்னர், அப்பொறியையும் அதனை இயக்கும் ஆட்களையும் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு, வேலையை மட்டும் விலைக்குப் பெறும் வழக்கம் தோன்றியது. விரைந்து பரவவும் செய்தது. இலக்கணச் சொல்லால் கூறுவதாயின், நிறுவனங்களின் தன்வினை பிறவினை ஆயிற்று. 'அவுட்சோர்சிங்' என்று வழங்கப்படும் இவ்வழக்கம் ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு எவ்வாறு பரவியது என்பதை ஆராய்ந்தோர் இருவகை விடை தந்துள்ளனர். அவ்விடைகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குரிய உரைகல் தொலைவில் இல்லை. பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களிலேயே கிடக்கிறது.

பெயர் பற்றி ஒரு சொல்

முதற்கண் பெயரைத் தெளிவு செய்துகொள்வது நலம். அயலாக்கம், வெளியாக்கம், புறத்திறனீட்டம் எனப் பல பெயர்கள் தமிழில் வழங்குகின்றன. 'புறத்திறனீட்டம்' பொருளாழம் உடையதாயினும் நாவுக்கு எளிதன்று. 'அயலாக்கம்' எளிது, ஆயினும் மயக்கம் தருவது. அயல் என்றவுடன் அயல்நாடு நினைவுக்கு வருவதால், வேலையைக் கடல் கடந்து அனுப்புவதே அயலாக்கம் என்று பலர் கொள்கின்றனர். அது பிழை. அயல் வீடும் அயலே. ஈப்போவில் உள்ள ஒரு கடை தன் கணக்கு வேலையை அடுத்த தெருவில் உள்ள கணக்காயரிடம் ஒப்படைத்தால் அதுவும் அயலாக்கமே. மாறாக, ஓர் ஐரோப்பிய நிறுவனம் சைபர்ஜெயாவில் தனக்கென ஒரு கணினி நிலையம் நிறுவித் தன் ஊழியரைக் கொண்டே வேலை வாங்கினால், வேலை கடலைக் கடந்ததேயன்றி நிறுவனத்தின் கையைக் கடக்கவில்லை. இடம் மாறுவது வேறு. கை மாறுவது வேறு. இக்கட்டுரையில் அயலாக்கம் என்பது கை மாறுதலையே குறிக்கும்.

கோடாக் காட்டிய வழி

இவ்வழக்கம் புதியதன்று. 1962-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ராஸ் பெரோ என்பவர் எலக்ட்ரானிக் டேட்டா சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கிப் பிறருடைய கணினி வேலைகளை ஏற்றுச் செய்தார். எனினும், பெருநிறுவனங்கள் தம் கணினித் துறையைப் பிறர் கையில் விடுவதை இழுக்கெனவே நெடுங்காலம் கருதின. கணினி தெரியாதவரே அவ்வாறு செய்வர் என்பது அக்கால எண்ணம். அவ்வெண்ணத்தை உடைத்தது ஒரு பெரிய பெயர். 1989-ஆம் ஆண்டில், படச்சுருளுக்கு உலகப் புகழ் பெற்றிருந்த ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம், தன் தரவு மையப் பணியை ஐ.பி.எம். நிறுவனத்திடம் ஒப்படைப்பதாக அறிவித்தது. தொடர்ந்து, தொலைத்தொடர்பு வேலையையும் மேசைக் கணினி வேலையையும் வேறு இரு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. கோடாக்கின் ஊழியர் பலர் ஐ.பி.எம். ஊழியர் ஆயினர். அதன்பின் பல பெருநிறுவனங்கள் அவ்வழியே சென்றன. 1991-இல் ஜெனரல் டைனமிக்ஸும் 1994-இல் ஜெராக்ஸும் தத்தம் கணினிப் பணிகளைப் பல நூறு கோடி டாலர் ஒப்பந்தங்களின் வழியே பிறர் கையில் ஒப்படைத்தன.

லாரன்ஸ் லோ, என். வெங்கட்ராமன் என்னும் ஆய்வாளர் இருவர் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து 1992-இல் 'இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் ரிசர்ச்' என்னும் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டனர். அமெரிக்காவில் செய்துகொள்ளப்பட்ட 60 அயலாக்க ஒப்பந்தங்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். புதுமை பரவுவதைக் கணக்கிடும் முறையொன்றை அவற்றின்மேல் ஏற்றிப் பார்த்தனர். அம்முறையே வயலிலிருந்து வந்தது என்பது தோட்டத்து வாசகர்க்குச் சுவையான செய்தி. அமெரிக்காவின் அயோவா மாநிலத்து உழவரிடையே கலப்பின மக்காச்சோள விதை பரவிய வகையை ஆராய்ந்து 1943-இல் வெளிவந்த ஆய்வே இத்துறைக்கு முன்னோடி எனப் போற்றப்படுவது.

அம்முறையின் சாரத்தை எளிதாகக் கூறலாம். ஊரில் காய்ச்சல் பரவுவது ஒரு வகை. பறையறைந்து செய்தி பரவுவது மற்றொரு வகை. காய்ச்சல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். ஆதலின் முதலில் மெதுவாகவும், பிறகு விரைவாகவும், இறுதியில் மீண்டும் மெதுவாகவும் பரவும். பறையொலியோ ஒரே நேரத்தில் பலர் காதிலும் விழும். ஆதலின் தொடக்கத்திலேயே கூட்டம் மிகும், போகப்போகக் குறையும். நிறுவனங்கள் ஒன்றையொன்று பார்த்துச் செய்தால் அது காய்ச்சலைப் போன்றது. அதனை அகத்தாக்கம் என்க. விற்பவரும் செய்தித்தாள்களும் சொல்லக் கேட்டுச் செய்தால் அது பறையொலி போன்றது. அதனைப் புறத்தாக்கம் என்க. லோவும் வெங்கட்ராமனும் கண்ட முடிவு, அயலாக்கம் காய்ச்சலைப் போல் அகத்தாக்கத்தாலேயே பரவியது என்பது. கோடாக்கின் அறிவிப்புக்குப் பிறகு இது மேலும் தெளிவாயிற்று என்றும் அவர்கள் கூறினர். 'கோடாக் விளைவு' என்னும் பெயர் இவ்வாறு நிலைபெற்றது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1997-இல், அதே ஆய்விதழில் மறுப்பு வந்தது. சிங் ஹூ, கேரல் சாண்டர்ஸ், மேரி கெபெல்ட் என்னும் மூவர், 1985 முதல் 1995 வரையிலான காலத்தில் அயலாக்கம் மேற்கொண்ட 175 நிறுவனங்களை ஆராய்ந்தனர். அகமும் புறமும் கலந்த தாக்கமே மேலோங்கியது என்றும், கோடாக் விளைவு என ஒன்று இருந்தமைக்குச் சான்று இல்லை என்றும் அவர்கள் முடிவு கட்டினர். முன்னது 'பார்த்துச் செய்தனர்' என்றது. பின்னது 'பார்த்தும் கேட்டும் செய்தனர்' என்றது.

இரு முடிவுகளுக்கும் பொதுவான குறை

இரு தரப்பாரும் உழைத்து ஆராய்ந்தவர்களே. முதல் ஆய்வு, நிறுவனங்கள் கூட்டிக் கழித்துப் பார்த்தே எதையும் செய்கின்றன என்னும் பழங்கொள்கையை அசைத்தது. பின் ஆய்வு, பெரிய பெயர் ஒன்றின் மயக்கத்தில் முடிவு கட்டலாகாது என்று எச்சரித்தது. இவ்விரண்டு நன்றியும் அவர்களுக்கு உரியன. ஆயினும், இரண்டுக்கும் பொதுவான குறைகள் மூன்று உள்ளன.

முதற்குறை, அகம் என்றும் புறம் என்றும் இட்ட கோடு. கோடாக்கின் கதையை அடுத்த வாடிக்கையாளரிடம் எடுத்துச் சென்று சொல்பவர் யார்? வேலையை விற்கும் நிறுவனத்தின் முகவரே அல்லரோ? அவர் வாயிலாக வந்த கதையைக் கேட்டு ஒரு நிறுவனம் அயலாக்கம் செய்தால், அது கோடாக்கைப் பார்த்துச் செய்ததா, விற்பவர் சொல்லக் கேட்டுச் செய்ததா? இரண்டும் ஒன்றே. சென்னையில் ஒரு சான்று உண்டு. காக்னிசன்ட் நிறுவனம் 1994-இல் அங்கே தொடங்கப்பெற்றபோது டன் அண்டு பிராட்ஸ்ட்ரீட் குழுமத்தின் கணினி வேலையைச் செய்யும் உள்வீட்டுப் பிரிவாகவே இருந்தது. சில ஆண்டுகளில் வெளியார் வேலையையும் ஏற்கத் தொடங்கி, உலகறிந்த விற்பனை நிறுவனமாக வளர்ந்தது. நேற்று அகமாக இருந்தது இன்று புறமாக நிற்கிறது. இத்தகைய உலகில் அகப்புறக் கோடு மணலில் இட்ட கோடே.

இரண்டாவது குறை, வளைகோட்டின் வடிவத்தைக் கொண்டு காரணத்தைத் துணிவது. மெல்ல ஏறி, விரைந்து உயர்ந்து, பின் தணியும் கோடு, பார்த்துச் செய்வதால் மட்டும் தோன்றுவதன்று. எல்லார் தலையிலும் ஒரே சமயத்தில் மழை பெய்தால் எல்லாரும் குடை விரிப்பர். ஒருவரைப் பார்த்து ஒருவர் விரித்தனர் என்று கூறுதல் ஒவ்வாது. 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது, ஆண்டை இரண்டு இலக்கங்களால் மட்டும் குறித்திருந்த பழைய நிரல்களையெல்லாம் திருத்த வேண்டிய நிலை உலகெங்கும் ஏற்பட்டது. இந்திய நிறுவனங்களுக்கு அதனால் வேலை குவிந்தது. அக்காலத்து ஒப்பந்தங்களைக் கோட்டில் குறித்தால் அது செங்குத்தாக உயரும். ஆனால் அங்கே காய்ச்சலும் இல்லை, பறையும் இல்லை. நாட்காட்டியே காரணம்.

மூன்றாவது குறை, நுழைந்தவரை எண்ணித் திரும்பியவரை எண்ணாமை. ஜே.பி. மார்கன் சேஸ் வங்கி 2002-இல் ஐ.பி.எம். நிறுவனத்துடன் ஏழு ஆண்டுகளுக்கு 500 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. 2004-இல் அதனை முறித்து வேலையையும் ஆட்களையும் தன்னிடமே திரும்ப எடுத்துக்கொண்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1984-இல் மேற்கூறிய எலக்ட்ரானிக் டேட்டா சிஸ்டம்ஸ் நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது. 1996-இல் அதனைப் பிரித்து வெளியே விட்டது. 2012-இல், பிறர் கையில் இருந்த கணினி வேலையில் பெரும்பகுதியைத் தன் ஊழியரிடமே திருப்பப் போவதாக அறிவித்தது. ஒரே நிறுவனம் உள்ளே, வெளியே, மீண்டும் உள்ளே என மூன்று நிலைகளைக் கண்டது. பரவலைக் கணக்கிடும் முறையோ அதனை ஒருமுறை 'ஏற்றது' என்று குறித்துவிட்டு ஏட்டை மூடிவிடும்.

கோலகங்சாரில் நின்ற மரம்

இனி உரைகல்லுக்கு வருவோம். பார்த்துச் செய்தலே பரவலுக்குக் காரணம் என்பார்க்குப் பேராக் தரும் முதல் விடை ஒரு மரம். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளில் ஒன்பது, கோலகங்சாரில் இருந்த ஆங்கிலேய அதிகாரி ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பெற்றன. மரங்கள் வளர்ந்தன, விதை தந்தன, கண்ட கண்களும் பல. எனினும், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தோட்டக்காரர் எவரும் பெரிய அளவில் அதனைப் பின்பற்றவில்லை. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி, ரப்பர் நடுமாறு வேண்டி அலைந்தார். பலர் அவரை எள்ளினர். முன்மாதிரியும் இருந்தது, பறையறைந்தாரும் இருந்தார். பரவல் மட்டும் இல்லை. 1890-களில் பிரேசிலின் விளைச்சலால் காப்பி விலை சரிந்தது; மிதிவண்டிக்கும் மோட்டார் வண்டிக்கும் சக்கர உறை வேண்டியதாயிற்று. அப்போதுதான் காப்பித் தோட்டங்களில் பால்மரம் ஏறியது. காரணம் கனிந்த பிறகே பார்வை பயன் தந்தது.

இரண்டாவது விடை, கங்காணி முறை. ஆள் சேர்க்கும் வேலையைத் துரைமார் தாமே செய்யாமல் கங்காணியை ஏவிச் செய்வித்தனர். இலங்கையில் காப்பிப் பயிர் நோய்ப்பட்டு அழிந்தபின் மலாயாவுக்கு வந்த தோட்டக்காரர், பழகிய முறையையும் உடன் கொண்டுவந்தனர். இதுவரை 'பார்த்துச் செய்தல்' எனக் கொள்ளலாம். ஆனால் 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்னும் பொதுநிதி ஏற்பட்டது. தென்னிந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள் அனைவரும், தாம் ஆள் அழைத்து வந்தாலும் வராவிட்டாலும், வேலை நாட்களைக் கணக்கிட்டு அதற்குப் பணம் செலுத்த வேண்டும். கப்பற் செலவு அந்நிதியிலிருந்து கொடுக்கப்படும். விளைவு யாது? ஊருக்குக் கங்காணியை அனுப்பாத தோட்டம், அனுப்பிய தோட்டத்தின் செலவில் பங்கு கொடுத்தது. இனி எவர் அனுப்பாமல் இருப்பார்? பார்த்துச் செய்தனர் என்று கூறுவதைவிட, செய்யாதிருத்தல் நட்டமாயிற்று என்று கூறுவதே பொருந்தும். 1938-இல் இந்திய அரசு தடை விதித்தபோது அம்முறை முடிவுற்றது. கணக்கு அதனைப் பரப்பியது; சட்டம் அதனை நிறுத்தியது.

மூன்றாவது விடை, முகவர் நிறுவனங்கள். ரப்பர் விலை உச்சத்தில் இருந்த 1909, 1910-ஆம் ஆண்டுகளில் லண்டனில் தோட்டக் கம்பெனிகள் பல தோன்றின. அவற்றின் இயக்குநர்க்கு மலாயாவில் கண்ணும் இல்லை, கையும் இல்லை. தோட்ட மேற்பார்வை, கணக்கு, சரக்கு வாங்கல், ரப்பர் விற்றல் ஆகிய அனைத்தையும் கத்ரி, ஹாரிசன்ஸ் அண்டு குரோஸ்பீல்டு போன்ற முகவர் நிறுவனங்களிடம் ஒப்படைத்தனர். இன்று கணினி வேலையை ஒப்படைக்கும் முறைக்கு இதைவிட நெருங்கிய முன்னோடி இந்நாட்டில் இல்லை. அம்முகவர் யார்? கம்பெனியைத் தோற்றுவித்தவரும் பலவிடங்களில் அவரே. அதில் பங்கு உடையவரும் அவரே. இயக்குநர் அவையில் ஆள் வைத்திருந்தவரும் அவரே. வேலையை விற்றவரும் அவரே. அகம் எது, புறம் எது என்று இங்கே பிரிக்க முடியுமா? ஒரே குழுவினர் பல கம்பெனிகளின் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தபோது, ஒரு கம்பெனி மற்றொன்றைப் 'பார்த்தது' என்று எழுதுதல் நகைப்புக்கு இடமாகும். 1981 செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தையில் ஒரு காலைப் பொழுதில் கத்ரி மலேசியர் கைக்கு வந்தது. ஒப்படைத்ததைத் திரும்பப் பெறுவதற்கு, ஒப்படைப்பை ஏற்றவரையே விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. இதுவும் எண்ணத்தக்கது.

செக்ரோலிலிருந்து நீங்கிய பெயர்

நான்காவது விடை அண்மைக்கால வரலாறு. ஆதலின் சற்று நின்று நோக்க வேண்டுவது. 1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், சிறப்பாக 1970-களுக்குப் பின்னரும், பால்வெட்டு, புல்வெட்டு, உரமிடல் முதலிய வேலைகள் குத்தகையாளர் கைக்கு மாறின. துண்டாடல் ஓரிடத்தில் தொடங்கி மற்றோரிடத்துக்குப் பரவியது உண்மை. சுங்கை சிப்புட் தந்த தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளர் பணத்தைக் கொண்டே தோட்டம் வாங்க முனைந்தது அப்பரவலுக்கு அணையிடவே. ஒருவர் துண்டு போட்டு விற்று இலாபம் கண்டதைப் பார்த்து மற்றொருவர் விற்றிருக்கலாம். ஆயினும், புதிய நாட்டின் வரியும் கொள்கையும் எவ்வாறு அமையுமோ என்னும் வெளிநாட்டு முதலாளியின் ஐயம் எல்லார்க்கும் பொதுவாக இருந்தது. அதுவே மழை, விற்பனை குடையே.

குத்தகை முறை பரவியதற்கும் பொதுக்காரணம் உண்டு. 1954-இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலி ஒப்பந்தங்களைப் பெற்றுத் தந்தது. 1951-இல் சேமநிதிச் சட்டமும் 1969-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. நேரடித் தொழிலாளி ஒருவரை வைத்திருத்தல் கடமை பல உடையதாயிற்று. குத்தகையாளரின் ஆளுக்கு அக்கடமைகள் குத்தகையாளரைச் சேர்ந்தவை. அவர் செய்தாரா என்று கேட்பார் அரியர். கூலியைக் குறைத்ததைவிடக் கடமையைக் கை மாற்றியதே இம்முறையின் கவர்ச்சி. ரப்பர் விலை தாழ்ந்தபோது அக்கவர்ச்சி மேலும் வளர்ந்தது.

இம்மாற்றம் வெளிப்பார்வைக்குத் தெரியாது. அதே நிரை, அதே மரம், அதே மங்கு, அதே கட்டிப்பால். விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் கிராணி வாசிக்கும் செக்ரோலில் ஒரு பெயர் மட்டும் இராது. பரவலை ஆராய்வோர் ஏட்டில் அது 'ஒரு தோட்டம் புதுமுறையை ஏற்றது' என்று ஒரு புள்ளியாகும். பெயர் நீங்கியவருக்கோ அது லயத்து வீட்டின் உரிமையும், மருந்தகத்தின் உதவியும், குழந்தைகளின் பள்ளியும் சேர்ந்து ஆட்டங்காணும் நாள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று அந்நாளைய தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. குடும்பங்கள் தோட்டத்தைச் சேர்ந்தவையாக இருந்தவரையில்தான் அப்பத்துப் பேரும் இருந்தனர். 1957-இல் 888 எனக் கணக்கிடப்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்று 500-க்குச் சற்று மேற்பட்டே உள்ளன. பள்ளிகளை இணைத்ததும், மக்கள் நகரம் புகுந்ததும், செம்பனை வந்ததும் இதற்குப் பெருங்காரணங்கள். குடும்பமாகக் குடியிருந்த தொழிலாளருக்குப் பதிலாகக் குத்தகையாளர் கொண்டுவந்த தனியாட்கள் லயங்களில் தங்கியதும் அவற்றுள் ஒன்று.

இழப்பது எது?

பேராக்கின் உரைகல்லில் உரைத்துப் பார்க்கும்போது, பார்த்துச் செய்தல், கேட்டுச் செய்தல் என்னும் இரு காரணங்களும் பொய்யல்ல, போதாதவை என்பது புலனாகும். அவற்றுக்கு அடியில் மூன்றாவது ஒன்று உள்ளது. கடமையைக் கை மாற்ற முடியும் என்னும் வாய்ப்பே அது. அவ்வாய்ப்பு இருக்கும் இடத்தில் அயலாக்கம் விரைந்து பரவும். வாய்ப்பை அடைத்த இடத்தில் தயங்கும். ஆதலின் எவரைப் பார்த்து எவர் செய்தார் என்று கேட்பதற்கு முன், ஏவுபவர் எந்தப் பொறுப்பிலிருந்து விடுபட்டார் என்று கேட்க வேண்டும்.

சட்டம் இதனை ஓரளவு உணர்ந்துள்ளது. மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, குத்தகையாளர் கூலி தரத் தவறினால் வேலையை ஒப்படைத்த முதலாளியும் சேர்ந்து பொறுப்பாவார் என்று கூறுகிறது. ஆனால் அப்பொறுப்பைத் தொடர்ச்சியான மூன்று மாதக் கூலி என்னும் எல்லைக்குள் நிறுத்திவிடுகிறது. பேங்க் நெகாரா 2018 டிசம்பரில் வெளியிட்ட அயலாக்கக் கொள்கை ஆவணம், நிதி நிறுவனங்கள் வேலையைப் பிறரிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு தம்மிடமே நிற்கும் என்று கொள்கிறது. வங்கியின் கணினி பற்றியும் தோட்டத்தின் கூலி பற்றியும் இரு விதிகள் ஒரே கருத்தைப் பேசுகின்றன. இயற்றுதலை ஒப்படைக்கலாம், ஏவியவர் என்னும் பெயரை ஒப்படைக்க முடியாது.

பொறுப்புக்கு அடுத்தபடியாக இழக்கப்படுவது திறன். வேலையைச் செய்தவர் போனபின், அது நன்றாகச் செய்யப்பட்டதா என்று சொல்ல வல்லவரும் போய்விடுகின்றனர். தமிழாசிரியர்கள் இதனைத் தம் வகுப்பறையிலேயே கண்டவர்கள். நாட்டின் ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு இணையத் தொடர்பும் மெய்நிகர் கற்றல் தளமும் தரும் '1பெஸ்தாரிநெட்' திட்டம் 2011-இல் தனியார் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. கற்றல் தளத்தின் பயன்பாடு மிகக் குறைவு என்று அரசாங்கத் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை எடுத்துக்காட்டியது. 2019-இல் திட்டம் முடிவுக்கு வந்தது. இங்கே பார்த்துச் செய்தல் இல்லை. மேலிருந்து ஒரே ஆணை. ஒவ்வொரு பள்ளியும் தனக்குத் தேவை எது என்று ஆராய்ந்து தேர்ந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். ஆராயும் வேலையும் ஒப்படைக்கும் வேலையோடு சேர்ந்தே போயிற்று என்பதுதான் இதிலிருந்து பெறும் பாடம்.

எதிர்வாதமும் விடையும்

அயலாக்கம் தீதே என்று முடித்துவிட்டால் அது நடுநிலை ஆகாது. சென்னையில் 2000-இல் திறக்கப்பெற்ற டைடல் பூங்காவும் அதனைத் தொடர்ந்து எழுந்த கணினி நிலையங்களும், உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வாழ்வு அளித்தன. மலேசியாவில் 1996-இல் தொடங்கப்பெற்ற பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் பயனாக, பால்வெட்டியோரின் பேரப்பிள்ளைகள் சைபர்ஜெயாவிலும் பினாங்கிலும் கணினியின் முன் அமர்ந்துள்ளனர். எங்கோ ஒரு நிறுவனம் தன் வேலையைக் கையைவிட்டோ கடல் கடந்தோ அனுப்பியதனால் கிடைத்த வேலைகள் அவற்றுள் பல. ஒருவர் இழந்ததே மற்றொருவர் பெற்றது.

ஆயினும், பெற்றவரும் ஒன்றை மறத்தலாகாது. பார்த்துச் செய்வதால் வரும் வேலை, பார்த்துச் செய்வதாலேயே போகவும் கூடும். ஒரு பெருநிறுவனம் திருப்பி எடுத்தால் மற்றவையும் திருப்பி எடுக்கலாம். மேலும் மலிவான ஓர் ஊர் கிடைத்தால் அங்கே போகலாம். பாட்டன் பெயர் செக்ரோலிலிருந்து நீங்கிய கதையை அறிந்த குடும்பத்தில் பிறந்த இளைஞன், தன் பெயர் எந்த நிறுவனத்தின் ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டறிதல் நலம். வேலை வாங்குபவர் ஒருவர், சம்பளம் கொடுப்பவர் மற்றொருவர் என்றால், இடர் வருங்கால் எவரிடம் செல்வது என்பதையும் அவன் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

வள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தை 51-ஆவதாகவும், 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரத்தை 52-ஆவதாகவும் வைத்த முறை நோக்கத்தக்கது. ஆளை ஆராய்ந்து தெளிவது முதல். வினையை அவனிடம் விடுவது பின். அதனோடு அவர் நிற்கவில்லை. வினை செய்வாரின் நிலையை அரசன் நாள்தோறும் ஆராய்தல் வேண்டும் என்பதும் அவர் கருத்து. ஒப்படைத்தபின் ஓய்ந்திருக்க ஏவுபவருக்கு உரிமை இல்லை என்பது இதன் பொருள். இருபதாம் நூற்றாண்டின் ஆய்வாளர், ஒப்படைப்பு எவ்வாறு பரவியது என்று நுணுகி எண்ணினர். ஒப்படைத்தவர் பின்னர் நாள்தோறும் ஆராய்ந்தாரா என்று எண்ணவில்லை. எண்ணியிருப்பின், கோடாக்கைப் பார்த்துச் செய்தவர் எத்தனை பேர் என்னும் கேள்வியைவிட, பார்த்துச் செய்தபின் தாமே பார்த்துக்கொண்டவர் எத்தனை பேர் என்னும் கேள்வி அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றியிருக்கும்.

இனி வகுப்பறையில் ஏவுதற் கருத்தாவையும் இயற்றுதற் கருத்தாவையும் விளக்கும் ஆசிரியர், பழைய அரசனையும் தச்சனையும் சொன்னபின், ஒரு தோட்டத்தையும் அதன் குத்தகையாளையும், ஒரு வங்கியையும் அதன் கணினிப் பணியாளரையும் எடுத்துக்காட்டலாம். கோயில் இடிந்தால் யாரைக் கேட்பது என்று மாணவன் வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடை கூற முடிந்தால் இலக்கணப் பாடம் நிறைவுறும்.